உடைஞ்ச பக்கத்தைப் பாத்து கல்லைக் கண்டுபிடிச்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஜியாலஜி முதல் வருஷ பிராக்டிகல், டேபிள்ல ரெண்டு வெள்ளைக் கல்லு, பாக்க ஒரே மாதிரி, ரெண்டுக்குமே குவார்ட்ஸ், அதான் வெங்கச்சாங்கல்லுன்னு எழுதிக் குடுத்துட்டேன். மேடம் திட்டல, துணியில சுத்தித் தட்டிப் பாருப்பான்னு சுத்தியலைக் குடுத்தாங்க. ஒண்ணு சாய்ஞ்ச டப்பா மாதிரி துண்டாச்சு, அந்தத் துண்டைத் தட்டினா அதே சாய்வுல குட்டி டப்பா, அதையும் தட்டினா இன்னும் குட்டி, கோணமானி வச்சா எதுலயும் 105, 75 டிகிரிதான். அது கால்சைட், சுண்ணாம்புக்கல்லுல இருக்கிற கனிமம். இன்னொண்ணு சோடா பாட்டில் உடைஞ்ச மாதிரி வளைவு வளைவா, சிப்பி ஓட்டு மேல இருக்குமே அந்த வரி மாதிரி. குவார்ட்ஸ்ல சிலிக்கானும் ஆக்சிஜனும் எல்லாப் பக்கமும் கெட்டியாப் பின்னிக் கிடக்கு, வெடிப்பு ஓட லேசான வழியே கிடையாது. கால்சைட்ல மூணு திசையில பிடிப்பு கம்மி, அந்த வழியாவே விட்டுடும். அன்னையிலேருந்து நான் கலரை நம்புறதே இல்ல.

—

அருமை தம்பி. எனக்கு இது வீடு கட்டுறப்போ. ஜல்லி இறக்கியிருந்தாங்க, சாயங்கால வெயில்ல ஒரு கிரானைட் துண்டை சும்மா கையில திருப்பிட்டே இருந்தேன், ரோஸ் கலர்ல ஒரு இடம் திடீர்னு முழுசா கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு அடிச்சுது, கொஞ்சம் சாய்ச்சா அப்படியே அணைஞ்சிடுச்சு. ஃபெல்ட்ஸ்பார்னு ஒரு கனிமம், தட்டையான தளமா உடையறதால அப்படி. பக்கத்துலயே சாம்பல் கலர்ல குவார்ட்ஸ், எப்படித் திருப்பினாலும் எண்ணெய் தடவின மினுமினுப்பு மட்டும்தான். நடுவுல கருப்பா இருந்ததை நகத்தால நெம்பினேன், ஏடு ஏடா உரிஞ்சு வந்துச்சு, நம்ம காக்காப்பொன்னு! ஒரே ஒரு ஜல்லியில மூணு விதமான உடைசல், கீழ போட மனசே வரல.

—

அக்கா சொன்னதைப் படிச்சதும் எழும்பூர் மியூசியம் ஞாபகம் வந்துச்சு. 1863ல பல்லாவரத்துல ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு ஒரு ஜியாலஜிஸ்ட் கண்டெடுத்தாரே கற்கால ஆயுதம், அந்த வகைக் கைக்கோடாரிங்க பெரும்பாலும் குவார்ட்சைட்டு, அதாவது குவார்ட்ஸ் மணல் இறுகிக் கெட்டியான பாறை. இதுவும் சிப்பி மாதிரி வளைஞ்சுதான் உடையும், ஓரம் கத்தியா நிக்கும். கண்ணாடிக்கு வெளிய நின்னு ஒண்ணை ரொம்ப நேரம் பாத்தேன். மேல பூரா ஆழமில்லாத குழிவுங்க, ஒவ்வொண்ணும் ஒரு சில்லு தெறிச்ச இடம். ஒரு குழிவோட ஓரத்தை இன்னொண்ணு வெட்டிட்டுப் போகுது, அதை வச்சே எந்த அடி முதல்ல, எது பின்னாலன்னு சொல்லிடலாம். விரலால எண்ணிட்டே வந்தேன், பதினொண்ணு வரைக்கும் தெரிஞ்சுது, மிச்சம் அந்தப் பக்கம்.