அவசரம்: ஏஐ குரல் தப்பாக வாசிக்கிறது

பேட்டைக்காரன்: நாளை காலை வீடியோ ஏற்ற வேண்டும், ஏழு நிமிட அரசியல் விமர்சனம். குரல் எல்லாவற்றையும் கெடுக்கிறது. என்ன செய்ய?

வண்ணார்பேட்டை மைக்: எந்த ஆப்? எந்த வார்த்தையில் தடுக்குகிறது? வரியை அப்படியே போடுங்கள் அண்ணாச்சி.

ஒலிப்பெட்டி: பாமினி என்ற பழைய எழுத்துருதான் காரணம். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

பேட்டைக்காரன்: யூனிகோடுதான். போனில் செய்கிறேன். வரி இது: “1998-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்கள் கூலி கேட்டு வந்தபோது தி.மு.க. ஆட்சி…” ஒவ்வொரு புள்ளிக்கும் நின்று மூச்சு வாங்குகிறது. வருஷத்தை இங்கிலீஷில் சொல்கிறது.

ஒலிப்பெட்டி: பழைய கோப்பிலிருந்து ஒட்டியிருப்பீர்கள். எழுத்துருதான்.

தாமிரபரணிக்கரை: இதற்கு எத்தனை தடவை பதில் எழுதுவது? பழைய இழைகளைத் தேடும் பழக்கம் யாருக்கும் இல்லை. புள்ளி வந்தால் வாக்கியம் முடிந்ததாக இயந்திரம் நினைக்கும். ‘திமுக’ என்று சேர்த்தாலோ ‘முகம்’ என்பதில் வரும் ‘க’ போல மெலிந்துவிடும். ‘தி மு கா’ என்று இடம் விட்டு எழுதுங்கள். வருஷத்தை எழுத்தால் எழுதுங்கள்.

கொக்கிரகுளம்: முதலில் வருஷத்தைத் திருத்துங்கள். 1999 ஜூலை 23. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலத்தில் தாமிரபரணி ஆற்றங்கரையில் போலீஸ் தடியடி, 17 பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தை. அன்று சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்ற எங்கள் பெரியப்பா, இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். இந்த வரியைச் சாட்பாட் எழுதித் தந்ததா?

பேட்டைக்காரன்: ஆமாம்.

மேலப்பாளையம் ஸ்டுடியோ: குரலில் உயிரே இல்லை என்றால் ஒரு தலைவர் குரலை ஏஐயால் குளோன் செய்யுங்கள், அதாவது அப்படியே நகலெடுங்கள். 2024 பிப்ரவரியில் ஜெயலலிதா குரலை அ.தி.மு.க.வே வெளியிட்டதே.

கொக்கிரகுளம்: அது அவர் கட்சி. இறந்தவர் வாயில் நம் கருத்தைத் திணிக்க நாம் யார்?

தாமிரபரணிக்கரை: நிஜ மனிதர் குரலைச் செயற்கையாகச் செய்தால் அறிவிக்க வேண்டும் என்று யூடியூபில் 2024 மார்ச்சிலிருந்தே விதி இருக்கிறது. அதைக்கூடப் படிக்காமல் யோசனை சொல்ல வருகிறீர்கள்.

மேலப்பாளையம் ஸ்டுடியோ: லேபிள் போட்டால் சரிதானே?

கொக்கிரகுளம்: ஒலியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். லேபிள் அங்கே வராது.

வண்ணார்பேட்டை மைக்: சண்டை போதும். அண்ணாச்சி, ஆப் பெயர் இன்னும் சொல்லவில்லையே? சாட்பாட் தந்த மற்ற தேதிகளையும் பழைய பேப்பரோடு ஒத்துப் பாருங்கள்.

பேட்டைக்காரன்: ‘தி மு கா’ சரியாக வருகிறது. இன்னும் இரண்டு தேதி தப்பு, திருத்திவிட்டேன். ஆற்றங்கரைப் பகுதியை மட்டும் நானே பேசிப் பதிந்தேன். நன்றி.