ஒளியூக்கியா, ஒளிவினையூக்கியா?

திருப்பூரிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமை பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை. இரண்டு பீக்கரில் மெத்திலீன் நீலம் என்ற சாயம், இரண்டிலும் துத்தநாக ஆக்சைடு நானோ தூள். ஒன்றை வெயிலில் வைப்போம், மற்றதை அலமாரிக்குள். வெயிலில் இருப்பது வெளுக்கும். குறிப்புத்தாள் நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது, ஒளி பட்டதும், தான் தீராமலே வினையை விரைவுபடுத்தும் (photocatalyst) இந்தத் தூளுக்குத்தான் பெயர் அமையவில்லை. பாடநூல்படி 'ஒளிவினைவேகமாற்றி' என்றால் வாய் கொள்ளவில்லை. 'ஒளியூக்கி' சரியா? நொய்யலில் சாயம் ஓடிய கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். சொல் அவர்கள் நாக்கில் தங்க வேண்டும்.

மதுரையிலிருந்து:
டீச்சர், ஒளியூக்கி என்றால் ஒளியை ஊக்குவது என்றே முதலில் தோன்றும். நமக்கு வேண்டியது 'ஒளியால்', மூன்றாம் வேற்றுமை. 'ஊக்கி'யும் இடிக்கிறது. 'ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார்' (குறள் 473) என்பதில் அது வினையெச்சம். தானே முனைந்து எழுவது. 'அஃதிறந்து ஊக்கின்' (476) என்பதிலும் அப்படியே. பிறிதொன்றை முடுக்குவதற்குத் 'தூண்டு' இருக்கிறது. விளக்குத் திரியை நிமிண்டும் தூண்டுகோலை நினையுங்கள்: தான் எரிந்து தீராது, திரியை எரியவைக்கும். வினையூக்கியின் இலக்கணமே அதுதானே? 'வெயிற்றூண்டி' என்பது என் பரிந்துரை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பாடநூல்களில் ஊக்கி என்றே பழகிவிட்டோம். ஒளியூக்கி எங்களுக்கு உறுத்தாது. ஒளிச்சேர்க்கை என்றதும் ஒளியை எதனோடோ சேர்க்கிறார்கள் என்று அங்கே எந்தப் பிள்ளையாவது மயங்குகிறதா, ஐயா? 'வெயிற்றூண்டி'யைப் பிரித்துப் படிக்கவே ஒரு வகுப்பு எடுக்க வேண்டும்.

சென்னை ஆய்வகத்திலிருந்து:
வெயிலைப் பெயரில் ஏற்ற வேண்டாம். உங்கள் துத்தநாக ஆக்சைடைப் போலவே வேலைசெய்யும் இன்னொரு தூள், அனடேஸ் வகை டைட்டானியம் டைஆக்சைடு. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் எழும்பத் தேவையான ஆற்றல், சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். 388 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளி போதும், அது விளக்கிலிருந்தும் வரலாம். ஒளி பட்டதும் எலக்ட்ரான் எழும்பும், அது விட்ட இடம் துளையாகும். துளை நீரோடு வினைபுரிந்து எதனோடும் சட்டென வினைபுரியும் ஹைட்ராக்சில் தனியுறுப்பைத் (radical) தரும். சாயத்தை உடைப்பதிலும் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைப்பதிலும் அதற்குப் பெரும்பங்கு. ஆக, தூண்டப்படுவதும் தூள், தூண்டுவதும் தூள். 'வினை'யை விட்டால் பாதி போய்விடும்.

அப்புறம், தூள் போடாத மூன்றாவது பீக்கர் ஒன்றும் வெயிலில் இருக்கட்டும். மெத்திலீன் நீலம் தானாகவும் கொஞ்சம் வெளுக்கும். நிறம் போனதாலேயே சாயம் சிதைந்தது என்று எழுதிவிடாதீர்கள். நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருந்தால் காற்றுப் பட்டு நீலம் திரும்பும்.

திருப்பூரிலிருந்து:
மூன்றாவது பீக்கர் சேர்த்தாயிற்று. 'சிதைவு' என்று எழுதியிருந்த இடத்தில் 'நிறநீக்கம்' என்று திருத்திவிட்டேன். நாள் இல்லை, 'ஊக்கி'யோடு 'வினை'யையும் சேர்த்து 'ஒளிவினையூக்கி' என்றே போகட்டும். தூண்டுகோலை வகுப்பில் சொல்வேன், ஐயா.

மதுரையிலிருந்து:
சொல்லுங்கள். ஆனாலும் 'ஊக்கி'க்கு நான் உடன்படவில்லை. தாளின் அடியிலாவது 'ஒளியால்' என்று உருபை விரித்து ஒரு வரி போடுங்கள்.