பயிற்சி ஓட்டத்தில் எதிர்ப்பட்டவர்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஓட்டக்காரர்கள் எழுதுங்கள்

இண்டூர் ரோடு

நாலு மணி நேரத்துக்குள் முழு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர், முடிக்கப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், டெம்போ ஓட்டத்தின் (ஒரே சீராக, கொஞ்சம் கடினமான வேகத்தில் விடாமல் ஓடுவது) நடுவில் நிற்க மனசே வராது. பென்னாகரம் ரோட்டில் இண்டூர் தாண்டி, விடிந்தும் விடியாத நேரம், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 20 நொடி, அதாவது 5:20 பேஸில் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற ஒரு அம்மா. அறுபது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கேனை ரோட்டோரம் இறக்கி வைத்தார். வைத்துவிட்டு என் கூடவே ஓட ஆரம்பித்துவிட்டார்.

சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில், என் தோளுக்குப் பக்கத்திலேயே வருகிறார். "ஏன் சாமி, யாருக்கு என்ன ஆச்சு? எந்த வீடு?" எனக்குப் பேச மூச்சு இல்லை, கையை மட்டும் ஆட்டினேன். அவர் விடவில்லை. "கெணறா? பாம்பா? சொல்லு சாமி, ஆளைக் கூப்பிடறேன்."

நின்றுவிட்டேன். "ஒண்ணும் இல்லைங்கம்மா, ஓட்டப் பந்தயத்துக்குப் பழகறேன்" என்றேன். "பந்தயத்துக்கா? அப்பச் சரி" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் முன்னால் அதே ரோட்டில் ஒரு பையன் இப்படித்தான் ஓடிவந்தானாம். யாரும் நிறுத்திக் கேட்கவில்லையாம். அவன் அப்பா கிணற்றில் விழுந்து கிடந்திருக்கிறார். அப்புறம் என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை. கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வாட்சைப் பார்த்தால், அவர் கூட ஓடிவந்த தூரத்தில் என் பேஸ் குறையவே இல்லை. ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது அந்தக் கேன்தான். ஒரு நொடி யோசிக்காமல் இறக்கி வைத்தார்.

உங்களுக்கும் யாராவது இப்படி எதிர்ப்பட்டிருந்தால் எழுதுங்கள்.

அணைக்கரை

படித்ததும் கண் கலங்கியது. என்னுடையதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பயிற்சி பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை ரோட்டில் 30 கிலோமீட்டர் லாங் ரன். மாம்பழ சீசன், காலை எட்டு மணிக்கே வெயில். 27ல் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக் கீழே உட்கார்ந்துவிட்டேன். தோப்பு வாசலில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஷூவைக் கழற்றி, விரல்களை என் பக்கமாக மடக்கிப் பிடித்தார். அவர் கை முழுக்க மாங்காய்ப் பால் பட்டு வெந்த கறுப்புத் தழும்புகள். வலி விட்டதும், "எங்களுக்கு ராத்திரியில தினம் வருங்க. இப்படித்தான் ஒருத்தருக்கொருத்தர் இழுத்து விடுவோம்" என்றார். அவ்வளவுதான், போய் அடுத்த கூடையைத் தூக்கினார். தினம் ராத்திரி என்று அவர் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

இப்போது பயிற்சி. நாலு மணி நேர மாரத்தானுக்குக் கிலோமீட்டருக்கு 5:41 போதும். இண்டூர் நண்பர் 5:20ல் டெம்போ போவது தப்பில்லை, ஆனால் வாரத்தில் மற்ற நாட்களில் எந்த பேஸ் என்று எழுதவில்லை. நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் ஓடுகிறார்கள். ஈஸி ரன் என்று பேர், ஓடி முடித்தால் சட்டை பிழிகிற மாதிரி வேர்வை, பேச்சு வராது. அது ஈஸி இல்லை. மொத்த ஓட்டத்தில் ஐந்தில் நாலு பங்கு, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் இருக்கவேண்டும். 6:30 ஆனாலும் 7:00 ஆனாலும் பரவாயில்லை. மீதி ஒரு பங்கில்தான் டெம்போ, இன்டர்வல் (நடுவில் இளைப்பாறி, துண்டு துண்டாக வேகமாக ஓடுவது) எல்லாம்.

அப்புறம் பந்தய நாள். முதல் பாதியில் நேரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும். முதலில் வேகமாகப் போனால் அது இன்னும் சீக்கிரம் தீரும். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023ல் சிகாகோ மாரத்தானில் 2:00:35 ஓடினாரே, முதல் பாதி 60:48, இரண்டாவது பாதி 59:47. உலகச் சாதனையே பின்பாதியில்தான் வந்தது. முதல் 10 கிலோமீட்டரில் யார் தாண்டிப் போனாலும் விடுங்கள். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துவிடுங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம். தூக்கத்தை மட்டும் விடாதீர்கள். மெயின் ரோட்டில் ஓடுவதையும் விட்டுவிடுங்கள், அணைப் பக்கம் வாருங்கள்.

தேன்கனிக்கோட்டை

அணைக்கரை சொல்வதில் பாதி சரி. ஆனால் எல்லாரையும் சமதளத்துக்கே கூப்பிடுவதை ஏற்க மாட்டேன். எனக்கு நேரம் குறைந்தது மேட்டில்தான். இங்கே ரோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். வாரம் ஒரு நாள் மேட்டில் ஓடினால் தொடைக்கும் கெண்டைக்கும் தனியாக ஜிம் தேவையில்லை.

என் கதை அந்த மேட்டில் நடந்ததுதான். மார்கழிக் குளிர், அஞ்செட்டி போகிற ரோடு, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஏறுகிறேன். கேழ்வரகு அறுப்புக்கு நிற்கும் காலம். திடீரென்று வலது பக்கப் பரணிலிருந்து என் முகத்துக்கு நேரே ஒரு வெளிச்சம். "நில்லு! லைட்டை அணை! நில்லு!" அணைத்தேன். கண் இருட்டுக்குப் பழகப் பழக, எனக்கு முன்னால் ரோட்டில் ஏதோ பாறை மாதிரி இருந்தது அசைந்தது. காது. அப்புறம் அதன் பின்னால் இன்னொன்று, காலுக்கடியில் ஒரு குட்டி.

பரண் மேலிருந்தவர் தகரத்தைத் தட்டவே இல்லை. அவர் வயலில்தான் அவை இறங்கப்போகின்றன என்று அவருக்குத் தெரியும். தட்டினால் மிரண்டு என் பக்கம் திரும்பும். சும்மா இருந்தார். கூட்டம் அவர் கேழ்வரகுக்குள் இறங்கி, மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரைக்கும் சும்மாவே இருந்தார். தண்டு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. எல்லாம் போன பிறகுதான் தகரத்தை எடுத்தார்.

கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் வருவது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐப்பசி தொடங்கி மாசி வரை விடிவதற்கு முன்னால் இந்த ரோட்டில் ஓடாதீர்கள். நான் இப்போது சூரியன் வந்த பிறகுதான் கிளம்புகிறேன். வெயில் பட்டால் பேஸ் போகும் என்றால் போகட்டும்.

அதியமான்கோட்டை

விடிவதற்கு முன்னால் ஓடாதீர்கள், சூரியன் வந்த பிறகு கிளம்புங்கள், அணைப் பக்கம் வாருங்கள். மூன்று பேரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். ஆறரைக்கு எனக்கு இரண்டு டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். நாலரைக்கு ஓடவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டமே இல்லை. மாரத்தானில் 4 மணி 40 நிமிடத்திலிருந்து 4 மணி 18 நிமிடத்துக்கு வந்திருக்கிறேன், முழுக்க இருட்டில் ஓடிச் சம்பாதித்த நேரம் அது.

ஒரு நாள் பின்னால் ஒரு பைக். இரண்டு பேர். தாண்டிப் போகவில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். நான் வேகம் கூட்டினால் கூட்டினார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்த இடத்தில் வீடுகள் கிடையாது. அப்போது பின்னால் வெளிச்சம் வந்தது, முதல் டவுன் பஸ். ஹாரன் அடித்துத் தாண்டிப் போகும் என்று ஓரம் ஒதுங்கினேன். போகவில்லை. பைக்குக்கும் எனக்கும் நடுவில் புகுந்து, எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி, நான் ஓடுகிற வேகத்துக்கு உருட்டிக்கொண்டே வந்தது.

என் நிழல் எனக்கு முன்னால் ரோடு முழுக்க நீண்டு கிடந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள், பூக்கூடைக்காரர்கள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். நேரமாகிறது என்று ஒருவர்கூடக் கத்தவில்லை. பைக் எப்போது திரும்பியது என்று எனக்குத் தெரியாது. டீக்கடை வெளிச்சம் வந்ததும் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்று, "இங்கேயே கொஞ்ச நேரம் நில்லும்மா, விடிஞ்சதும் போ" என்றார். டிரைவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் அதே பஸ்ஸை நிறுத்திக் கேட்டேன். வேறு டிரைவர், வேறு கண்டக்டர். டியூட்டி மாறிவிட்டதாம். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அந்த ரூட்டில் ஓட்டுகிறவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள். நான் நன்றி சொல்லவேண்டும்.

அணைக்கரை

சகோதரி, நீங்கள் சொல்வது நியாயம். அணைப் பக்கம் வாருங்கள் என்று நான் எழுதியது உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது. ஈஸி ரன் பற்றி எழுதியதில் மாற்றம் இல்லை.

களியும் கீரையும்

தர்மபுரி டவுன். யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

முதலில் என் அனுபவம். சென்னை மாரத்தான், ஜனவரி, 35 கிலோமீட்டர். கால் மரத்துவிட்டது, நடக்கிறேன். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பெரியவர் தன் பாக்கெட்டிலிருந்த கடைசி எனர்ஜி ஜெல்லை (ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழ்) பிய்த்து என் வாயருகே நீட்டினார். "உங்களுக்கு?" என்றேன். "எனக்கு நேரம் போயிடுச்சு, உனக்கு இன்னும் இருக்கு" என்றார். அவரைத் திரும்பப் பார்க்கவில்லை.

இப்போது விஷயம். நம் ஊரில் லாங் ரன்னுக்கு முந்தின ராத்திரி களியும் கீரைக் குழம்பும் நல்ல சாப்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் களி உருண்டையை விழுங்கிவிட்டு ஓடாதீர்கள், மெதுவாகச் செரிக்கும், வயிற்றில் கல்லாக நிற்கும். காலையில் இட்லி இரண்டு, இல்லாவிட்டால் வாழைப்பழம். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழம் ஏறக்குறைய 25 கிராம், ஒரு ஜெல்லும் ஏறக்குறைய அவ்வளவுதான். பசித்த பிறகு சாப்பிட்டுப் பயனில்லை, முதல் முக்கால் மணி நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள். பந்தய நாளில் சாப்பிடப்போவதைப் பயிற்சியிலேயே சாப்பிட்டுப் பழகுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீரை மொடக்கு மொடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் சரியாகக் கலந்து கொண்டுபோங்கள், குறைத்துக் கலக்காதீர்கள். வழியில் பழைய போர்வெல் அடிபம்பில் தினமும் பாட்டில் நிரப்புகிறவர்களுக்கு ஒன்று: நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013லிருந்து தண்ணீர் வருகிறது. ஓடுகிறவன் மற்றவர்களைவிட அதிகம் குடிக்கிறான். வீட்டிலிருந்து காவிரித் தண்ணீரையே எடுத்துப்போங்கள்.

தேன்கனிக்கோட்டை நண்பருக்கும் ஒன்று. அந்தக் குளிரில் வருகிற நேரம் சென்னைப் புழுக்கத்தில் வராது. உடம்பு வெக்கைக்குப் பழகப் பத்துப் பதினாலு நாளாகும். பந்தயத்துக்கு முன்னால் கீழே இறங்கி வந்து எங்களோடு பத்து மணி வெயிலில் மெதுவாக ஓடுங்கள்.

இண்டூர் ரோடு

பால்கார அம்மா வெறுங்காலில் ஓடினார் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஷூ இல்லாமல் ஓடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நம் நாட்டு மாரத்தான் வீரர் ஷிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பழகியவர்தான், 1978ல் ஜலந்தரில் 2:12:00ல் மாரத்தான் முடித்தார். ஆனால் அவரும் அந்த அம்மாவும் சின்ன வயதிலிருந்து அப்படி நடந்து வளர்ந்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாம் திடீரென்று கழற்றினால் குதிகால் தசைநாண் போய்விடும்.

பாலக்கோடு

நான் ஓசூரில் ஷிஃப்ட் வேலை. லீவு நாளில் ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் 800 மீட்டர் இன்டர்வல். ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் கோட்டருகே உட்கார்ந்துகொண்டு, ஒரு சுற்றுக்கு ஒரு கல் வைத்து எண்ணித் தருவான். நான் கேட்டதில்லை, அவனாகவே ஆரம்பித்தான்.

அன்றைக்குக் கடைசிச் சுற்று, கண் இருட்டுகிறது, கோட்டைத் தொட்டு விழுந்தேன். அவன் கல் வைக்கவில்லை. "ஏண்டா?" என்றேன். "மூலையில கொடிக்கு உள்ளால வந்துட்டீங்கண்ணா. அது கணக்கு இல்ல" என்றான். கல் அவன் கையிலேயே இருந்தது. எழுந்து இன்னொரு சுற்று ஓடினேன். அவனும் எழுந்து கொடிக்கு வெளிப்பக்கமாக, நான் திரும்பவேண்டிய மூலையில் போய் நின்றுகொண்டான். அந்தச் சுற்றுதான் அன்றைக்கு என் வேகமான சுற்று.

மாரத்தான் பாதையை அளப்பதும் இப்படித்தான். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம், அதாவது 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்ப்பார்கள். வளைவில் அகலமாகத் திரும்புகிறவர்களுக்கு வாட்ச் 42.195க்கு மேல் காட்டுவது அதனால்தான். பந்தயத்தில் மூலையை ஒட்டித் திரும்புங்கள், ஆனால் கொடிக்கு உள்ளே போகாதீர்கள்.

எங்கள் மைதானம் ஒரு சுற்று 400 இருக்குமா என்பதே சந்தேகம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் சரியாக அளந்த மைதானம், சாயங்காலம் திறந்திருப்பது, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அவன் 200 மீட்டர் நன்றாக ஓடுகிறான்.