அப்பாவுக்கு வைட்டமின் டி 11: இதயத்துக்கு இதனால் ஆபத்தா?

வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தோம். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 நானோகிராம்தான். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறார்கள். மதுரை வெயிலில் இருப்பவருக்கு இந்தக் கதி! அவர் வெளியே போவதே காலை ஆறு மணி நடைக்குத்தான். தோலில் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிர் அந்த வெயிலில் அநேகமாக இருக்காது.

வாரம் ஒரு 60,000 யூனிட் மாத்திரை, எட்டு வாரம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதுவரை சரி. பிரச்சினை சித்தப்பாதான். "டி ஏறிட்டா ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, கொலஸ்ட்ரால் மாத்திரை எதுக்கு?" என்று கிளப்பிவிட்டார். அப்பாவும் தலையாட்டுகிறார்.

டி குறைந்தவர்களிடம் இதய நோய் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியது உண்மைதான். ஆனால் 2018-ல் வெளிவந்த அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 25,871 பேர். பாதிப் பேருக்கு தினமும் 2,000 யூனிட் கொடுத்து ஐந்து வருடம் பார்த்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. ஒரு சிக்கல்: அதில் பெரும்பாலோருக்கு டி முதலிலேயே போதுமான அளவு இருந்தது, ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களைச் சேர்க்கவும் இல்லை.

அப்பா மாதிரி ஸ்டென்ட் வைத்த யாராவது இந்த மாத்திரையை எட்டு வாரம் முடித்திருக்கிறீர்களா? மறுபடி எப்போது டெஸ்ட் எடுத்தீர்கள்? கால்சியமும் சேர்த்துப் பார்த்தார்களா? அப்புறம், சித்தப்பாவை எப்படிச் சமாளிப்பது என்றும் யாராவது சொல்லுங்கள்.