[கலைச்சொல்] ‘வார்மிங் ஸ்ட்ரைப்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1: கண்காட்சிப் பலகைகளின் தொகுப்பாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம்.

காலநிலை மாற்றம் பற்றிய பள்ளிக் கண்காட்சிக்குப் பலகைகள் எழுதுகிறோம். அதில் ‘வார்மிங் ஸ்ட்ரைப்ஸ்’ (warming stripes) என்ற படத்துக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் அந்தச் செங்குத்துப் பட்டைகளை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018 மே மாதம் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, அதே பல்கலைக்கழகத்தின் எல்லி ஹைவுட் உலக வெப்பநிலையை வண்ண நூலில் கொக்கிப் பின்னலாகப் போட்டு ஒரு போர்வை செய்திருந்தார். படத்துக்குத் துணி முந்தியது என்பதைப் பலகையிலேயே சொல்ல நினைக்கிறோம்.

படத்தின் விதி எளிது. ஓர் ஆண்டுக்கு ஒரு பட்டை; குளிர்ந்த ஆண்டுக்கு நீலம், சூடான ஆண்டுக்குச் சிவப்பு. இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. அச்சு, எண், எழுத்து எதுவும் கிடையாது. எட்டு நீலமும் எட்டுச் சிவப்புமாகப் பதினாறு நிறங்கள். எழுத்தே இல்லாததால்தான் இது பத்திரிகை அட்டை, ரீடிங் கால்பந்து அணியின் சட்டைக்கை என்று எங்கும் போக முடிந்தது.

என் பரிந்துரைகள்: வெப்ப வரிகள், வெப்பப் பட்டைகள். கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2: புள்ளியியல் ஆசிரியர், மதுரை

ஐயா, ‘வரி’ அழகான சொல்தான். வரிப்புலி, வரிக்குதிரை, அணிலின் முதுகு எல்லாம் உடனே கண்ணில் வரும். ஆனால் காலநிலைச் செய்திகளில் ‘கார்பன் வரி’ ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. ‘வெப்ப வரி’ என்று தலைப்புப் போட்டால் அரசு புதிதாக ஏதோ வசூலிக்கப்போகிறது என்றுதான் படிப்பார்கள்.

‘பட்டை’க்கு வேறு சிக்கல். பாடநூலில் பட்டை விளக்கப்படம் இருக்கிறது. அதில் உயரம்தான் அளவு. இங்கே எல்லாப் பட்டைக்கும் ஒரே உயரம், நிறம்தான் அளவு. பட்டை என்று சொன்னால் மாணவர் உயரத்தைத் தேடுவார்.

இதைவிட முக்கியம் ‘வெப்பம்’ என்ற முன்சொல். அடர்சிவப்பு என்றால் கடும் வெயில் என்று பொருள் இல்லை. 2019-இல் நாடுவாரிப் படங்கள் வந்தபோது 1971–2000 சராசரியை நீலத்துக்கும் சிவப்புக்கும் எல்லையாக வைத்தார்கள். அளவுகோலின் இரு முனைகளும் 1901–2000 ஆண்டு வெப்பநிலைகளின் திட்ட விலக்கத்தைப் (சராசரியைச் சுற்றி அவை எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) போல் 2.6 மடங்கு தள்ளி நிற்கும். அதாவது ஒவ்வோர் ஊருக்கும் அந்த ஊரின் ஏற்ற இறக்கமே அளவுகோல். நம் பக்கம் வெப்பமண்டலம். ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு ஆண்டு அதிகம் ஆடாது. அதனால் இங்கே சிறிய உயர்வே அடர்சிவப்பைத் தொட்டுவிடும். வடக்கே அதே நிறத்துக்கு இன்னும் ஒரு பாகையில் (டிகிரி செல்சியஸ்) பத்தில் சில பங்கு கூடுதலாக ஏற வேண்டும். சென்னைப் படத்தையும் லண்டன் படத்தையும் பக்கத்தில் வைத்து ‘எங்கே அதிகச் சூடு’ என்று கேட்கவே கூடாது. முதல் படங்களில் இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு 7.6 முதல் 10.8 பாகை, டொரான்டோவுக்கு 5.5 முதல் 11.0 பாகை என்று அளவுகோல்கள் வேறாக இருந்ததே இதற்குச் சான்று.

ஆகவே பெயரில் சூடு அல்ல, சூட்டின் மாற்றம் தெரிய வேண்டும். என் முன்மொழிவு: வெப்பநிலை விலகல் படம்.

மடல் 3: புவியியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

மதுரை ஆசிரியர் சொன்ன காரணம் சரி. ஆனால் ‘விலகல்’ தனியே நின்றால் எங்கள் பிள்ளைகள் வேறு மாதிரி விளங்கிக்கொள்வார்கள். நீங்கள் திட்ட விலக்கம் என்பதை நாங்கள் நியம விலகல் என்கிறோம். உங்கள் பாடநூலிலோ ஒளிவிலகல் இருக்கிறது. எங்களுக்கு அது ஒளிமுறிவு. எனவே வரைவிலக்கணத்தில் ‘சராசரியிலிருந்து விலகல்’ என்று முழுதாக எழுதுங்கோ. பெயரில் அந்தச் சுமை வேண்டாம்.

பட்டைக்குப் பதிலாகக் ‘கீற்று’ எப்படி? ஒளிக்கீற்று என்று இரு கரையிலும் சொல்கிறோம். ஒடுக்கமானது, நீளமானது, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம். தமிழ்நாட்டில் தென்னங்கீற்று நினைவுக்கு வரும் என்றாலும் குழப்பம் வராது. இங்கே முடைந்த ஓலைக்குக் கிடுகு என்றே பெயர், ஆகவே கீற்று சும்மாதான் இருக்கிறது.

மடல் 4: கைத்தறி வடிவமைப்பாளர், கரூர்

தறியில் நாங்கள் கட்டம், கோடு என்றுதான் பேசுவோம். ஆனால் வானிலைப் படத்தில் சமவெப்பக் கோடு இருப்பதால் ‘கோடு’ இங்கே ஒத்துவராது. கீற்று எனக்குச் சம்மதம்.

கண்காட்சிக்குத் துணியும் நெய்வதாகக் கேள்விப்பட்டேன். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1850 முதல் 2024 வரை 175 ஆண்டு. ஆண்டுக்கு 1 செ.மீ. ஊடை (குறுக்கே ஓடும் இழை) என்றால் 1.75 மீட்டர், ஒரு சால்வை நீளம். அகலம் 60 செ.மீ., செ.மீ.க்கு 24 ஊடை இழை. ஒரு கீற்றுக்கு 14.4 மீட்டர், சுருக்கமும் சேதாரமும் சேர்த்து 16 மீட்டர். மொத்தம் 2,800 மீட்டர். 40-ஆம் நம்பர் நூலில் (நம்பர் கூடினால் நூல் மெலியும்) இது சுமார் 41 கிராம்தான். நிறத்துக்குச் சராசரி இரண்டரை கிராம். இவ்வளவு சின்ன அளவைச் சீராகச் சாயம் போட முடியாது. 40-ஆம் நம்பரில் ஒரு சிட்டமே (நூல்கட்டு) 768 மீட்டர், 11 கிராம் வரும். நிறத்துக்கு ஒரு சிட்டமாகப் பதினாறு சிட்டம் ஒரே தடவையில் சாயமேற்றி, அதிலிருந்து நான்கு சால்வை எடுப்பதே வழி. அடர்சிவப்பு மீந்துபோகும், நடு நிறங்கள் முதலில் தீரும். நடு நிறங்களுக்கு இரண்டு சிட்டம் வையுங்கள். பிறகு போட்டால் அதே சாயல் வராது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. பாவு (நெடுக்கே ஓடும் இழை) வெள்ளையாகவும் நெருக்கமாகவும் இருந்தால் எல்லா நிறமும் வெளிறி, பக்கத்துப் பக்கத்து நீலங்கள் ஒன்றாகிவிடும். பாவைச் செ.மீ.க்கு 10 இழையாகக் குறைத்து ஊடையை நெருக்கி அடிக்க வேண்டும். அடுத்து, சிவப்பைக் கொதிக்கும் சோப்பு நீரில் அலச வேண்டும், தண்ணீர் தெளிந்து வரும்வரை நிறுத்தக்கூடாது. ஒட்டாத சாயம் முதல் சலவையில் வெளிர்நீலத்தில் இறங்கி ஊதாவாகும். அளவுகோலில் ஊதாவே கிடையாது, அந்த ஆண்டுத் தகவல் போயிற்று. மூன்றாவது, நெசவாளி ஒரு கீற்றைத் தவறவிட்டால் அதன் பின் எல்லா ஆண்டும் நகர்ந்துவிடும். பத்தாண்டுக்கு ஒருமுறை கரையில் வெள்ளை நூல் முடிச்சு ஒன்று போட்டுக்கொண்டே போனால் உடனே தெரியும்.

மடல் 5: மெய்ப்புத் திருத்துநர், கோவை

‘வெப்பேற்றக் கீற்று’ என்று யாராவது எழுதுமுன் சொல்கிறேன். வெப்பம் என்பதோடு ஏற்றம் சேர்ந்தால் வெப்பமேற்றம், அல்லது மரவடி (மரம் + அடி) போல வெப்பவேற்றம். வெப்பேற்றம் வர ‘வெப்பு’ வேண்டும். அது சம்பந்தர் காலத்துப் பாண்டியனுக்கு வந்த காய்ச்சல்.

சூடு + ஏறு = சூடேறு. யாருக்கும் விளக்க வேண்டாத சொல், மாற்றத்தையும் சொல்கிறது. சூடேறு கீற்றுகள் என்கிறேன். வினைத்தொகை ஆதலால் நடுவில் ‘க்’ போடாதீர்கள்.

மடல் 6: புள்ளியியல் ஆசிரியர், மதுரை

ஏற்கிறேன். பொதுமக்களுக்குச் சூடேறு கீற்றுகள். பாடநூலில் படவகைக்கு வெப்பநிலை விலகல் கீற்றுப்படம். மழை, கடல்மட்டம் வந்தாலும் ‘கீற்றுப்படம்’ நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. கையேட்டைக் கருப்பு வெள்ளையில் நகலெடுத்தால் அடர்நீலமும் அடர்சிவப்பும் ஒரே கருமை ஆகிவிடும். நடுவில் வெளுப்பு, இரு முனையிலும் கருப்பு: பழைய குளிர் ஆண்டும் புதிய சூட்டு ஆண்டும் ஒன்றாகத் தெரியும். நகலுக்கென்று வெளுப்பிலிருந்து கருமைக்கு ஒரே திசையில் போகும் தனிப்படம் வேண்டும்.

மடல் 7: கண்காட்சிப் பலகைகளின் தொகுப்பாளர், சென்னை

நன்றி. தனிப்படம் செய்துவிடுகிறோம். பதிவு இப்படிப் போகிறது:

சூடேறு கீற்றுகள் (பெ.): ஓர் இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, குறித்த அடிப்படைக் காலத்தின் சராசரியிலிருந்து விலகிய அளவை, ஆண்டுக்கு ஒரு நிறக்கீற்றாக இடமிருந்து வலமாக அடுக்கிய படம்.

அடுத்த பலகை ஒலிக்கானது. 2013-இல் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் கிராஃபர்ட் 1880 முதல் 2012 வரையான உலக வெப்பநிலையைச் செல்லோவில் (பெரிய வயலின் போன்ற கருவி) வாசித்தார். ஆண்டுக்கு ஒரு சுரம், ஏறத்தாழ 0.03 பாகை கூடினால் ஓர் அரைச்சுரம் ஏறும். மிகக் குளிர்ந்த 1909-க்குச் செல்லோவின் அடிச்சுரம். தரவை இப்படி ஒலியாக்கும் முறைக்கு ‘இசையாக்கம்’ என்று போட மனமில்லை. பல ஒலியாக்கங்களில் இசையே இருக்காது, வெறும் சொடுக்கொலியோ இரைச்சலோ இருக்கும். ‘தரவொலியாக்கம்’ என்று வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தரவு, தகவல் இரண்டில் எது பாடநூல் வழக்கு என்று ஆசிரியை சொன்னால் அதையும் பதிவில் சேர்த்துவிடுவேன்.