பெற்றோர் தரப்பில் வாதாட வேண்டும், கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் மக்களே. சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் மாதிரி நீதிமன்றப் போட்டி, சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது தோற்ற கட்சி.

வழக்கு நியூசிலாந்துடையது. 2022 டிசம்பர், ஆக்லாந்து உயர் நீதிமன்றம். ஒரு கைக்குழந்தைக்கு இதய வால்வு சுருக்கம், உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். பெற்றோர் அதை வேண்டாம் என்று சொல்லவே இல்லை, கோவிட் தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தை மட்டும் ஏற்றாதீர்கள், ரத்தம் தர நாங்களே ஆட்களைக் கூட்டி வருகிறோம் என்றார்கள். அந்நாட்டு ரத்த வங்கி யார் ஊசி போட்டவர் என்று பிரித்து வைப்பதே இல்லை. நீதிபதி, சிகிச்சை முடிந்து குழந்தை தேறும் வரைக்கும் மட்டும் அதை நீதிமன்றத்தின் பாதுகாப்பில் வைத்து, சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் அதிகாரத்தை இரண்டு மருத்துவர்களிடம் கொடுத்தார். மற்ற எல்லாவற்றுக்கும் பெற்றோரே பாதுகாவலர். இரண்டே நாளில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் எனக்கே அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது, அதுதான் சிக்கல். கையில் இருப்பது 1996இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் கல்லீரல் மாற்று சிகிச்சையை மறுத்த தாயின் பக்கம் நின்ற ஒரே தீர்ப்பு. இதே மாதிரி பெற்றோர் ஜெயித்த வேறு வழக்கு தெரியுமா? நம் உயர் நீதிமன்றங்களில் ஏதாவது? அப்புறம், ‘பேரன்ஸ் பேட்ரியே’ (தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவருக்கு அரசோ நீதிமன்றமோ பெற்றோர் இடத்தில் நின்று முடிவெடுக்கும் அதிகாரம்) என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் யாராவது சொல்லுங்கள், வாதம் தமிழில்தான்.