தோட்டத்துப் பழைய கட்டடங்களைத் தொல்பொருள் திணைக்களம் பாதுகாக்குமா?

கேள்வி (ஹட்டன்):
எங்கள் தோட்டத்தில் கோப்பிக் காலத்துக் களஞ்சியக் கட்டடம் ஒன்றும் அதையொட்டிய பழைய லயம் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) ஒன்றும் இடிந்து வருகின்றன. 1890இல் தொடங்கிய தொல்பொருள் திணைக்களம் இவற்றைக் கவனிக்கக் கடமைப்பட்டதா? அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது?

மறுமொழி (கண்டி):
1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை, அதாவது கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் சென்ற நாளை, எல்லையாகக் கொண்டதால், அதன்பின் உருவான மலையகத் தோட்டங்களின் கட்டடங்கள் தாமாக அதற்குள் அடங்குவதில்லை. ஆயினும் நூறு ஆண்டு கடந்த கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் புராதன நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்ய 1998ஆம் ஆண்டின் திருத்தம் இடமளிக்கிறது. உங்களுக்கான வழி அதுவே.

மறுமொழி (நுவரெலியா):
பணத்தைப் பொறுத்தவரை, திணைக்களம் ஆண்டுதோறும் பாராளுமன்றம் ஒதுக்கும் திறைசேரி நிதியில் இயங்குகிறது. அகழாய்வு, கல்வெட்டுப் படியெடுப்பு, பேணுகை, அருங்காட்சியகம் அனைத்தும் அதற்குள்தான். 1980இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மத்திய கலாசார நிதியமோ சிகிரியா போன்ற இடங்களின் நுழைவுச்சீட்டு வருமானத்தையும் நன்கொடைகளையும் பெறுகிறது. சுற்றுலாப் பயணி வராத லயத்துக்கு அத்தகைய வருமானம் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

மறுமொழி (கண்டி):
படங்கள், அளவுகள், தோட்டப் பதிவேட்டின் பிரதி ஆகியவற்றுடன் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்துக்கு எழுதி, பிரதேச செயலாளருக்கும் பிரதியொன்றை அனுப்புங்கள். காணி கம்பனியின் குத்தகையில் இருந்தால் அதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.